சூரியனின் காந்தக் கயிற்றை வீட்டிலிருந்தே பின்தொடர்வது எப்படி

சூரியனுக்குள்ளே கொதிப்பதற்கும் மேலே கரோனா என்ற வெளி வளிமண்டலத்தில் வெடிப்பதற்கும் என்ன தொடர்பு என்று பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட, இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், சீக்கிரம் பிடிபடும். தொலைநோக்கியெல்லாம் வேண்டாம்.

சூரியப் படங்களைத் தொகுத்துக் காட்டும் ஹீலியோவியூவர் இணையதளத்தைத் திறந்து தேதியை 2024 மே 9 என்று வையுங்கள். சூரியனைக் கண்காணிக்கும் நாசாவின் எஸ்டிஓ விண்கலம் எடுத்த படங்களில் முதலில் ஹெச்எம்ஐ கருவியின் காந்தப் படத்தைத் தேர்ந்தெடுங்கள். சாம்பல் வட்டில் வெள்ளையும் கறுப்புமாகத் திட்டுகள் தெரியும். வெள்ளையில் காந்தப்புலம் நம்மை நோக்கி வருகிறது, கறுப்பில் உள்ளே போகிறது. நடுவுக்குச் சற்றுக் கீழே, வலப்பக்கம் இரண்டும் குழம்பிக் கிடக்கும் பெரிய திட்டுதான் 3664 என்று எண்ணிட்ட சூரியப் புள்ளிக் கூட்டம். மறுநாள் இரவு லடாக்கின் ஹான்லே வரை துருவ ஒளியால் வானத்தைச் சிவக்க வைத்த ஆசாமி.

இந்தத் திட்டு கீழேயிருந்து வந்தது. சூரியனின் ஆரத்தில் வெளிப்பக்க 30 சதவீதம் உலைபோலக் கொதிக்கிறது. நடுக்கோடு சுமார் 25 நாளில் ஒரு சுற்றுச் சுற்ற, துருவப் பக்கம் 35 நாள் வரை எடுத்துக்கொள்வதால் உள்ளே இருக்கும் காந்தப்புலம் இழுபட்டு, முறுக்கேறி, கயிறாகத் திரள்கிறது, அப்புறம் அக்கம்பக்கத்து வாயுவைவிட இலேசாகி மேலே மிதந்து வருகிறது. வெளியே வந்த இடம் வெள்ளை, மறுபடி மூழ்கிய இடம் கறுப்பு, அவ்வளவுதான்.

சரி, இப்போது அதன்மேல் அதே விண்கலத்தின் ஏஐஏ கருவி எடுத்த 171 படத்தைச் (எண் ஒளியின் அலைநீளம்) சேர்த்து, பாதி தெரியும்படி மங்கலாக்குங்கள். வெள்ளையில் கால் ஊன்றிய பொன்னிற வளைவுகள் பலவும் கறுப்பில் போய் இறங்கும். (பொன்னிறம் நாம் பூசியது, உண்மையில் அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா.) மேற்பரப்பு சுமார் 5,500 டிகிரி செல்சியஸ், வளைவுகளிலோ பத்து லட்சத்தை நெருங்கும். கொதிப்பு அந்தக் கால்களை ஓயாமல் நகர்த்த, மேலே முறுக்கு ஏறிக்கொண்டே போகிறது, தாங்காதபோது வெடிக்கிறது. அந்த வெடிப்பைப் பிடிக்க, இன்னும் சூடான வாயுவைக் காட்டும் ஏஐஏ 131 படத்துக்கு மாறி, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துங்கள். வெள்ளையும் கறுப்பும் முட்டி நெரியும் கோட்டின்மேல் கண் இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கை: விளிம்புக்கு அருகே காந்தப் படத்தை நம்பாதீர்கள், சாய்வாகப் பார்ப்பதால் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம். ஆனால் மே 14-க்குப் போய் வலது விளிம்பில் 171-ஐ மட்டும் பாருங்கள். அதே வளைவுகள் பக்கவாட்டில், கரிய வானத்தில் எழும்பி நிற்கும்.