கோத்தகிரியில் வீடு வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கோத்தகிரிப் பக்கம் 4 சென்ட் இடத்தில் ஓட்டு வீடு ஒன்றைப் பேசி முடித்தேன். விற்பவர் காட்டிய பட்டாவில், இறந்துபோன அவருடைய அப்பா பெயரே இருந்தது. அப்படி இருந்தால் முதலில் வாரிசுச் சான்றிதழைக் கேளுங்கள். நான் கேட்ட பிறகுதான் ஊட்டியில் கட்டிக்கொடுத்த தங்கை ஒருத்தி இருப்பது தெரிந்தது. உயில் எழுதாமல் இறந்த அப்பாவின் சுயசம்பாத்தியத்தில், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. “சீர் செஞ்சாச்சு” என்பது பதில் ஆகாது. தங்கையும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர் எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

அப்புறம் வில்லங்கச் சான்று, 30 வருஷத்துக்கு. பதிவாகாத உயிலும் வாய்மொழிப் பாகப்பிரிவினையும் அதில் வராது, அக்கம்பக்கத்திலும் விசாரியுங்கள்.

மலையில் எனக்குப் பெரிய கவலை வழிதான். ரோட்டிலிருந்து அந்த வீட்டுக்கு, அடுத்தவர் தேயிலைத் தோட்டத்துக்குள் 3 அடி அகலப் படிக்கட்டு. “காலங்காலமா நடக்கிறோம்ங்க” என்றார் விற்பவர். சரி, தோட்டம் கைமாறினால்? நடைபாதை உரிமையை நீள அகலத்தோடு தோட்டக்காரரிடமிருந்து பதிவுப் பத்திரமாகவே வாங்குங்கள். சர்வேயர் அளந்தபோது ஒரு எல்லைக்கல் உண்ணிச்செடிப் புதருக்குள், தடுப்புச் சுவருக்கு வெளியே இருந்தது. சுவர் யாருடையது, இடிந்தால் யார் கட்டுவது என்பதையும் பத்திரத்தில் எழுத வைத்தேன்.

கூடலூர்ப் பக்கம் வாங்குவதாக இருந்தால், 1969ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் (ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களின் எஸ்டேட்டுகளை ஒழித்த சட்டம்) பிரிவு 17இல் வரும் நிலமா, அதாவது அந்த எஸ்டேட்டுகளில் தோட்டத்துக்குக் குத்தகைக்கு விட்ட நிலமா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தாலுகா அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.