மலையகத்தில் தொண்டுப் பணி: வார இறுதிகளைத் திட்டமிடுவது எப்படி?

தமிழகத்திலிருந்தும் கனடாவிலிருந்தும் இலங்கை மலையகத்திலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்குக் கற்பிக்க வரும் தொண்டர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது, "சனி, ஞாயிறில் எங்கே போகலாம்?" என்பதுதான். நீங்கள் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் தங்கியிருப்பதாக வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

படி 1: முதல் இரண்டு ஞாயிறுகளில் எங்கும் போகாதீர்கள்

வார நாட்களில் விடிந்ததும் பிரட்டு (வேலைக்குப் பேர் கொடுக்கும் இடம்), பிறகு மலையில் கொழுந்து என்று ஓடுகிறவர்களை லயத்தில், அதாவது அவர்களின் வரிசை வீடுகளில், நிதானமாகப் பார்க்கக்கூடிய நாள் ஞாயிறு மட்டுமே. பீலிக்கரையில் (தண்ணீர்க் குழாயடியில்) துணி துவைப்பதும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்குவதும், கோயில் வேலைகளும் அன்றுதான். யாராவது வீட்டுக்கு அழைத்துத் தேத்தண்ணி தந்தால் மறுக்க வேண்டாம். சில வீடுகளில் சீனியைக் கலக்காமல் தனியே தருவார்கள். அதை இடது உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, நாக்கில் சிறிது தொட்டு, ஒரு மிடறு சாயம் (வெறும் தேத்தண்ணி) குடித்து, மறுபடியும் தொட்டுக்கொள்ள வேண்டும். முதல் நாளில் எல்லோரும் சட்டையில் சிந்திக்கொள்வார்கள். வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு அதைவிடப் பெரிய வேடிக்கை இல்லை.

ஊரைக் கேட்டால் தோட்டத்தின் பெயரையும் அதன் பிரிவான டிவிசனையும் சொல்வார்கள். தமிழகத்து நண்பர்கள் அத்தோடு நிறுத்தாமல், "அதற்கு முன்பு இந்தியாவில் எந்த ஊர்?" என்று தொடர்வதுண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டு, அந்த உரிமை திரும்பக் கிடைக்கப் பல பத்தாண்டுகள் காத்திருந்த குடும்பங்களிடம் எடுத்த எடுப்பில் கேட்கிற கேள்வி அதுவல்ல. அவர்களாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: மழை எந்தப் பக்கம் என்று பாருங்கள்

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தை நனைக்கும்போது, மலைக்கு அப்பாலுள்ள ஹப்புத்தளை, பண்டாரவளை, பதுளைப் பகுதிகள் பெரும்பாலும் வெயிலில் காயும். டிசம்பர், ஜனவரியில் நிலைமை தலைகீழாகும். பட்டிப்பொலைக்கும் ஓஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்துக்குள் புகையிரதம் மழையோடு நுழைந்து, மறுபக்கம் வெயிலில் வெளியே வருவதை நீங்களே காணலாம். ஆகவே இடத்தைத் தெரிவு செய்யுமுன் மாதத்தைப் பாருங்கள்.

படி 3: நாட்காட்டியில் போயா நாட்களைக் குறியுங்கள்

ஒவ்வொரு பௌர்ணமியும் இங்கு பொது விடுமுறை. அது வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் மூன்று நாட்கள் கிடைக்கும். ஆனால் புகையிரதத்தில் நிற்கவும் இடம் கிடைக்காது.

படி 4: முதல் பயணத்துக்கு ஹப்புத்தளையைத் தெரிவு செய்யுங்கள்

சுற்றுலாப் பயணிகள் கூடும் எல்ல என்ற ஊரைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. அங்கே 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் அழகானதுதான். ஆனால் பாலத்தைவிடக் கைத்தொலைபேசிகளே அதிகம் தெரியும். சனிக்கிழமை ஹட்டனிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்கு மேல் புகையிரதத்தில் சென்று, ஹப்புத்தளையில் இரவு தங்குங்கள். மண்சரிவால் பாதை தடைப்படுவதுண்டு என்பதால், முதல் நாளே நிலையத்தில் விசாரித்துக்கொள்வது நல்லது. மறுநாள் விடியற்காலையில் தம்பேதன்ன தொழிற்சாலைக்குச் செல்லுங்கள். தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் கட்டுவித்த தொழிற்சாலை அது. அங்கிருந்து லிப்டன் சீட் என்ற காட்சிமுனை வரை ஏறத்தாழ 7 கிலோமீற்றர் தேயிலைக்கு நடுவே ஏற்றம். பத்து மணிக்குள் உச்சியை அடையாவிட்டால், கண்ணெதிரே பனிமூட்டம் மட்டுமே இருக்கும். வழியில் கொழுந்து பறிக்கும் அக்காமாரைக் கண்டால், கேட்காமல் படமெடுக்காதீர்கள்; கூடையின் நிறைக்கு ஏற்ப அன்றைய பேர் (நாட்சம்பளக் கணக்கு) விழும் அவர்களுக்கு நின்று பேச நேரம் இருக்காது.

மழைக்காலமென்றால் புல்லில் அட்டை இருக்கும். ஏறுமுன் காலில் சவர்க்காரத்தைக் குழைத்துப் பூசி, காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள்.

படி 5: பருவகாலத்தில் சிவனொளிபாதமலை

டிசம்பர்ப் பௌர்ணமியிலிருந்து மே மாத வெசாக் வரையே யாத்திரைக் காலம். ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு பஸ்ஸில் சென்று, நள்ளிரவைத் தாண்டி ஏறத் தொடங்கினால், 2,243 மீற்றர் உயரத்தில் சூரியோதயத்தைக் காணலாம். உதயம் முடிந்ததும் எல்லோரும் இறங்க அவசரப்படுவார்கள். நீங்கள் மேற்குப் பக்கம் திரும்பி, மலையின் நிழல் முக்கோணமாக விழுவதைப் பாருங்கள். உச்சியிலுள்ள பாதச்சுவடு சைவர்களுக்குச் சிவனுடையது, பௌத்தர்களுக்குப் புத்தருடையது, முஸ்லிம்களுக்கு ஆதமுடையது. தடித்த மேற்சட்டையைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள்.

படி 6: திரும்பும் வழியை முதலில் முடிவு செய்யுங்கள்

புகையிரதம் தாமதமாகும், தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் காத்திருக்காது. சென்ற ஆண்டு ஞாயிறு இரவு எட்டரை மணிக்கு ஹட்டனில் இறங்கிய ஒரு தம்பி, பஸ்ஸைத் தவறவிட்டு, ஆட்டோவுக்குக் கையில் காசுமில்லாமல், நிலையத்து வாங்கிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார். பயணத்துக்கு முன்பே உங்கள் தோட்டத்து ஆட்டோக்காரர் ஒருவரின் இலக்கத்தை வாங்கி, எந்தப் புகையிரதத்தில் திரும்புவீர்கள் என்று அவரிடம் சொல்லி வையுங்கள்.