நாஜிப் பாடநூல்களைப் படிக்கும்போது செய்யும் தவறுகள்

சர்வாதிகார நாட்டுப் பாடநூல் கையில் கிடைத்தால் பலரும் முதலில் வரலாற்றுப் புத்தகத்தைத்தான் புரட்டுகிறார்கள். தலைவர் படம், பகைவரைத் திட்டும் பத்தி எல்லாம் அங்கே பளிச்சென்று தெரியும். அதோடு மூடிவைத்துவிடுவதுதான் பெரிய தவறு.

நாஜி ஜெர்மனியின் கணக்குப் புத்தகத்தில் இப்படி ஒரு கேள்வி: மனநல விடுதி ஒன்றைக் கட்ட 60 லட்சம் மார்க் செலவானது, வீடு ஒன்றுக்கு 15,000 மார்க் என்றால், அந்தப் பணத்தில் எத்தனை வீடுகள் கட்டியிருக்கலாம்? விடை 400. வகுத்தலில் பிழையில்லை, வசைச்சொல்லும் இல்லை. நோயாளிக்குச் செய்வது வீண்செலவு என்ற முடிவுக்குப் பிள்ளை தானாகவே வந்துசேர்கிறது. ஆசிரியர் சொன்னதைச் சந்தேகிக்கலாம்; தன் நோட்டில் தானே போட்ட விடையை எப்படிச் சந்தேகிப்பது? 1940–41இல் இத்தகைய நோயாளிகளும் ஊனமுற்றோருமாக 70,000க்கும் மேற்பட்டோரை அரசு நச்சுவாயு செலுத்திக் கொன்றது.

ஆகவே கணக்கையும் உயிரியலையும் முதலில் எடுங்கள். கணக்கில் எண்களை அடித்துவிட்டு, மிஞ்சும் வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள். எது செலவு, யார் சுமை என்று அதுவே சொல்லிவிடும்.

அடுத்து, ஆண்டுக் குழப்பம். 1933 ஜனவரியில் ஹிட்லர் பதவியேற்றவுடன் புத்தகங்கள் மாறிவிடவில்லை. நாடு முழுமைக்குமான புதிய வாசகநூல் 1935இல்தான் வரத் தொடங்கியது. ஆனால் யூதர்களையும் அரசியல் எதிரிகளையும் அரசுப் பணியிலிருந்து நீக்கும் சட்டம் 1933 ஏப்ரலிலேயே வந்துவிட்டது. ஆசிரியர்களும் அதில் அடக்கம். பழைய புத்தகம் இருந்த வகுப்பில் பழைய பாடம்தான் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள்.

‘நச்சுக் காளான்’ என்ற யூத வெறுப்புப் படநூலைப் பாடநூலாகக் காட்டுவதும் வழக்கமாகிவிட்டது. 1938இல் யூத வெறுப்புப் பத்திரிகை நடத்திய நாஜிக் கட்சிக்காரர் யூலியுஸ் ஸ்ட்ரைஷரின் பதிப்பகம் வெளியிட்ட சிறுவர் நூல் அது. கல்வி அமைச்சகத்தின் பாடநூல் அல்ல. முன்பக்கங்களில் பதிப்பகம், ஆண்டு, வகுப்பு, அரசு ஒப்புதல் ஆகிய நான்கையும் பார்த்த பிறகே பெயர் சூட்டுங்கள்.

மதத் திணிப்பை மதப்பாட நூலில் மட்டும் தேடுவதும் இதே வகைதான். பாகிஸ்தான் பாடநூல்களில் மதத்தைப் புகுத்திய ராணுவ ஆட்சியாளர் ஜியா உல் ஹக் 1988இல் இறந்தார். 2003இல் நய்யார், சலீம் என்ற பாகிஸ்தான் ஆய்வாளர்கள் பாடநூல்களை அலசியபோதும், எல்லா மதப் பிள்ளைகளும் படித்தாக வேண்டிய உருது, சமூக அறிவியல் புத்தகங்களில் மதபோதனை அப்படியே இருந்தது. ஆட்சி கவிழ்ந்த ஆண்டோடு தேடலை நிறுத்தாமல், அதற்குப் பின் வந்த பதிப்புகளையும் பக்கம் பக்கமாக ஒப்பிடுங்கள்.