மினி பிசியில் சீமாஸ் பேட்டரி மாற்றுவது எப்படி?

பிளக்கைப் பிடுங்கி மறுபடி சொருகினால் கணினியின் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? தேதி தப்பாக இருப்பதால் பிரவுசரும் பல தளங்களைத் திறக்க மறுக்கும். வைரஸ் என்று நினைத்து விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடாதீர்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டும் சின்னப் பேட்டரி தீர்ந்திருக்கலாம். கடைகளில் இதைச் சீமாஸ் பேட்டரி என்பார்கள்.

இன்டெல் நக் மாதிரியான உள்ளங்கை அளவுப் பெட்டியை வைத்தே சொல்கிறேன்.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் கிளம்பும் முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரைக்குள் போங்கள். நக்கில் ஆன் செய்ததும் எஃப்2 அழுத்த வேண்டும். ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுங்கள். பேட்டரியைக் கழற்றியதும் சில மாடல்களில் அமைப்புகள் அப்படியே இருக்கும், சிலவற்றில் கம்பெனி வைத்த ஆரம்ப நிலைக்குப் போய்விடும். டிஸ்கோடு கணினி பேசும் முறையான சாட்டா மோடு ஒன்று மாறினாலே விண்டோஸ் கிளம்பாமல் போகலாம். டிஸ்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணை இப்போதே வேறு இடத்தில் எழுதி வையுங்கள். உண்மையான வேலை இதுதான், மிச்சமெல்லாம் ஸ்க்ரூ கழற்றுவது மட்டுமே.

இனி கணினியை முழுதாக ஷட் டவுன் செய்யுங்கள், ஸ்லீப் போதாது. அடாப்டரைக் கழற்றிவிட்டு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடியுங்கள். துணி விரித்துப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, நான்கு மூலைகளிலும் உள்ள ஸ்க்ரூக்களைத் தளர்த்துங்கள். அவை முழுதாகக் கழன்று வராது, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். மூடியை மெதுவாகத் தூக்குங்கள். உயரமான மாடல்களில் ஹார்ட் டிஸ்க் மூடியோடு சேர்ந்திருக்கும், அதன் கேபிள் மதர்போர்டில் மாட்டியிருக்கும்.

பெரிய கணினிகளில் பேட்டரி ஒரு குழியில் வெறுமனே உட்கார்ந்திருக்கும். இதில் அப்படி இல்லை. பிளாஸ்டிக் உறை சுற்றி, சிவப்பு, கறுப்பு என இரண்டு ஒயரும் ஒரு குட்டி பிளக்கும் வைத்து ஓரமாக ஒட்டியிருப்பார்கள். அதனால் முதலில் திறந்து பார்த்துவிட்டு அப்புறம் கடைக்குப் போங்கள். உள்ளே இருப்பது சிஆர்2032தான்: 3 வோல்ட், 20 மி.மீ. விட்டம், 3.2 மி.மீ. தடிமன். ஒயரோடு வருவதாகவே வாங்குங்கள். பிளக்கில் சிவப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பழையதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், மாறியும் வரும். வெறும் பேட்டரியை வாங்கி நீங்களே ஒயரைச் சால்டர் செய்யாதீர்கள், சூட்டில் வெடிக்கக்கூடும்.

பழைய பிளக்கை நகத்தாலோ ட்வீசராலோ இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக நெம்பி எடுங்கள். ஒயரைப் பிடித்து இழுத்தால் மதர்போர்டில் இருக்கும் சாக்கெட்டே பெயர்ந்து வரும். புதியதைச் சொருகி, அதே இடத்தில் ஒட்டி, ஒயர் ஃபேன் பக்கம் போகாமல் பார்த்து மூடுங்கள்.

முதல் முறை ஆன் செய்யும்போது திரை சற்று நேரம் கறுப்பாகவே இருக்கலாம், பதற வேண்டாம். பயாஸில் தேதி, நேரம் வைத்து, எடுத்த படங்களோடு மற்றதைச் சரிபாருங்கள். பிறகு ஷட் டவுன் செய்து, அடாப்டரைக் கழற்றி அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். மறுபடியும் தேதி பின்னால் போனால் பிளக் சரியாக உட்காரவில்லை, அல்லது கடையில் கிடந்து தீர்ந்த பேட்டரி. மல்டிமீட்டரில் புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும்.

பழைய பேட்டரியைச் செல்லோ டேப்பில் சுற்றி மின்கழிவில் போடுங்கள். குழந்தை எட்டும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.