மழை வெள்ளக் காலத்தில் நாய், பூனையைப் பாதுகாப்பது எப்படி? முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஒரு செய்முறை

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். சென்னையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், ஜாபர்கான்பேட்டை பக்கம் தரைத்தளத்தில் குடியிருந்து நாயோ பூனையோ வளர்ப்பவர்களுக்கு இந்த மாதங்கள் வந்தாலே வயிற்றைக் கலக்கும். 2015 டிசம்பர் 1 இரவு அடையாற்றில் வெள்ளம் பெருகியபோது, படுக்கப் போனவர்கள் எழுந்து பார்க்கையில் வீட்டுக்குள் தண்ணீர் நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பல தெருக்களில் நாள்கணக்கில் தண்ணீர் வடியவே இல்லை. இந்த இரண்டும் வேறு வேறு ஆபத்து. முதலாவதில் பிழைக்க, சீக்கிரம் கிளம்பத் தெரிய வேண்டும். இரண்டாவதில், சில நாள் உள்ளேயே சமாளிக்க சாப்பாடும் தண்ணீரும் கையில் இருக்க வேண்டும்.

எதை மறந்தாலும் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: செல்லப்பிராணி இருக்கும் வீடு, பக்கத்து வீட்டை விட முன்னதாகக் கிளம்ப வேண்டும். இடி இடித்தால் பூனை பரணுக்குப் போய் ஒளிந்துகொள்ளும். நாய் தண்ணீரில் இறங்க மறுக்கும், படகைப் பார்த்தால் பின்வாங்கும். ஆட்டோக்காரர் ஏற்ற யோசிப்பார், நிவாரண முகாமில் இடம் தர மறுக்கலாம். இத்தனையையும் சமாளிக்க நேரம் வேண்டும். அந்த நேரம் முன்னதாகக் கிளம்பினால்தான் கிடைக்கும்.

படி 1: எங்கே போவது, எப்போது போவது

தெருவில் பல வருஷமாக இருப்பவர்களிடம் 2015லும் 2023லும் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். பழைய சுவர்களில் கறைக்கோடு இன்னும் தெரியும். அதற்கு மேலே இருக்கும் இடம்தான் உங்கள் புகலிடம். பெரும்பாலும் அது மாடி வீடாகத்தான் இருக்கும். மழை கொட்டும்போது நனைந்த நாயோடு போய்க் கதவைத் தட்டாமல், செப்டம்பரிலேயே மாடி வீட்டு அக்காவிடமோ அண்ணனிடமோ பேசி வையுங்கள். "ரெண்டு நாள் எங்க நாய் உங்க வீட்டு மாடிப்படியில இருக்கட்டுமா?" என்று முன்பே கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். அப்படியே வேறு பகுதியில் உள்ள ஒரு உறவினர் வீட்டையும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாய் விடுதியில் விடுவதாக இருந்தால், அந்த விடுதியே தாழ்வான இடத்தில் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். இதைப் பலர் கேட்பதே இல்லை.

அப்புறம், எப்போது கிளம்புவது. வானிலை ஆய்வு மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தால் மிக கனமழை, அதாவது ஒரே நாளில் சுமார் 12 முதல் 20 சென்டிமீட்டர் வரை எதிர்பார்க்கலாம். சிவப்பு என்றால் அதற்கும் மேல். தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் ஆரஞ்சிலேயே எல்லாவற்றையும் தயார் செய்துவிட வேண்டும், சிவப்பு வந்தால் கிளம்பிவிட வேண்டும். எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரை மேடான இடத்துக்குக் கொண்டுபோகும் அந்த நேரத்திலேயே நாயும் பூனையும் கிளம்பட்டும்.

இது சென்னைக்கு மட்டும் சொல்வதில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. நம்ம பக்கம் இப்படியெல்லாம் வராது என்று இருந்துவிடக் கூடாது.

படி 2: கேரியரைப் பழக்குவது

பூனை வளர்ப்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டிய படி இது. கேரியரை, அதாவது பூனையை வைத்துத் தூக்கிப்போகும் கதவு வைத்த கூடையை, ஊசி போடப் போகும் அன்றைக்கு மட்டும் வெளியே எடுத்தால், அதைப் பார்த்ததும் பூனை ஓடத்தான் செய்யும். அதனால் மழைக்கு ஒரு மாதம் முன்பே கேரியரைக் கதவு திறந்தபடி கூடத்தின் ஒரு மூலையில் வைத்துவிடுங்கள். உள்ளே உங்கள் பழைய நைட்டியோ லுங்கியோ விரித்துப் போடுங்கள், உங்கள் வாசனை அதில் இருக்க வேண்டும். முதல் வாரம் சாப்பாட்டைக் கேரியருக்கு முன்னால் வையுங்கள். அடுத்த வாரம் வாசலில், அதற்கடுத்து உள்ளே. பூனை தானாக உள்ளே போய்த் தூங்க ஆரம்பித்த பிறகுதான் கதவை மூடிப் பார்க்க வேண்டும். முதலில் ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம். கடைசியாக, தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்குங்கள்.

கேரியர் வாங்க முடியவில்லை என்றால், ஜிப் வைத்த பருத்தித் தலையணை உறை அவசரத்துக்கு உதவும். அதில் பூனையால் மூச்சுவிட முடியும், பிறாண்டித் தப்பிக்க முடியாது. சிறிது நேரத்துக்கு மட்டும்தான்.

நாய்க்குப் பழக்க வேண்டியவை மூன்று: மாடிப்படி ஏறுவது, வாய்க்கூடு போட்டுக்கொள்வது, மொட்டை மாடியிலோ பால்கனியிலோ ஒரு தட்டில் மண் போட்டு அதில் மூத்திரம் போவது. மூன்றாவது அற்பமாகத் தெரியலாம். ஆனால் தெருவில் மட்டுமே போய்ப் பழகிய நாய், வெள்ளத்தில் ஒரு நாள் முழுக்க அடக்கிக்கொண்டு தவிக்கும்.

படி 3: தடுப்பூசியும் அடையாளமும்

எலிக்காய்ச்சல் கிருமி எலியின் சிறுநீர் வழியாகத் தேங்கிய தண்ணீரில் கலக்கிறது. நாய்க்கு வந்தால் கல்லீரலும் சிறுநீரகமும் கெடும், நாயிடமிருந்து நமக்கும் வரும். இதற்கு நாய்களுக்குத் தடுப்பூசி உண்டு. முதல்முறை போடும்போது சில வார இடைவெளியில் இரண்டு தவணை, பிறகு வருஷத்துக்கு ஒன்று. அதனால் ஆகஸ்டிலேயே ஆரம்பித்தால்தான் மழைக்கு முன் முடியும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் தேதி தாண்டாமல் இருக்கட்டும், ஏனென்றால் வெள்ளத்தில் பயந்த நாய் யாரையாவது கடித்துவிட்டால் முதலில் கேட்கப்படுவது அந்தச் சான்றுதான். கழுத்துப்பட்டையில் உங்கள் செல்போன் எண் எழுதிய வில்லை தொங்கட்டும். நீங்களும் பிராணியும் சேர்ந்து இருக்கும் ஒரு படத்தைப் போனில் வைத்திருங்கள். தொலைந்து கிடைத்தால், அது உங்களுடையதுதான் என்று காட்ட அந்தப் படம் வேண்டும்.

படி 4: பை கட்டுவது

ஒரு வாரத்துக்கான உலர் உணவைக் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள். மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜில் இருக்கும் சிக்கன் முதல் நாளே கெட்டுவிடும், அதனால் சமைத்த சாப்பாட்டை நம்பக் கூடாது. தயிர்சாதம் மட்டும் தின்று பழகிய நாய் என்றால், இப்போதிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக உலர் உணவைக் கலந்து பழக்குங்கள். புயலுக்குப் பிறகு பால் கிடைக்காமல் அலைவது நமக்குப் புதிதல்ல.

10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குடிநீர் தேவைப்படும். உலர் உணவு தின்றால் இன்னும் கூடும். சம்ப்புக்குள் சாக்கடை கலந்துவிட்டால் அந்தத் தண்ணீரை நாய்க்கும் கொடுக்கக் கூடாது. கேன் தண்ணீரில் பிராணியின் கணக்கையும் சேர்த்து வாங்குங்கள்.

மற்றபடி மருந்துகள், தடுப்பூசி அட்டை நகல், இரண்டு பழைய துண்டு, செயின், வாய்க்கூடு, பழைய செய்தித்தாள், டார்ச். பூனை மணலை மேல் அலமாரியில் வையுங்கள், நனைந்தால் ஒன்றுக்கும் ஆகாது.

படி 5: மழை கொட்டும் அன்று

எச்சரிக்கை வந்ததும் பூனையை ஒரே அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள். கிளம்பும் நேரத்தில் வீடு முழுக்கத் தேடிக்கொண்டிருக்க முடியாது. இடிக்கு நடுங்கும் நாயைத் திட்ட வேண்டாம். ஜன்னல் குறைவான உள் அறையில் பாட்டுப் போட்டு, ஃபேனை ஓடவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். நாம் போடும் தூக்க மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. ரொம்பப் பயப்படும் நாய்க்குத் தீபாவளிக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு மருந்து வாங்கி வைத்துக்கொண்டால் வெடிச்சத்தத்துக்கும் ஆகும், இடிக்கும் ஆகும்.

வெளியே கூட்டிப்போனால் பில்லர் பாக்ஸ் (தெருவோர மின்பெட்டி), மின்கம்பம் பக்கம் போகவே கூடாது. வெறுங்காலில் நனைந்து நடக்கும் நாய்க்குத்தான் முதலில் ஷாக் அடிக்கும்.

படி 6: தண்ணீர் வாசலுக்கு வந்தால்

தண்ணீர் பிளக் பாயிண்டைத் தொடும் முன், கை உலர்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அணையுங்கள். மெயினே தண்ணீரில் இருந்தால் கிட்டப் போகாதீர்கள். முதலில் பிராணியை மேலே அனுப்பிவிட்டு, பிறகு சாமான்களைத் தூக்குங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

நாயைக் கட்டிப்போட்டுவிட்டுப் போகவே போகாதீர்கள். செயினில் இருக்கும் நாயால் நீந்த முடியாது. என்ன செய்தும் கூட்டிப்போக முடியவில்லை என்றால், செயினை அவிழ்த்து, மொட்டை மாடிக் கதவைத் திறந்து வைத்து, தண்ணீரும் சாப்பாடும் மேலே வைத்துவிட்டு, மீட்புக்கு வருபவர்களிடம் சொல்லுங்கள். கோழியையும் ஆட்டையும் கூண்டிலிருந்தும் கயிற்றிலிருந்தும் விடுவியுங்கள். உங்கள் தெருநாய்களுக்கும் மாடிப்படி வாசல் திறந்திருக்கட்டும், அவைகளுக்குப் போக வேறு இடம் கிடையாது.

படகில் ஏறும்போது நாய்க்கு வாய்க்கூடு போட்டு செயினைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். அடக்கமான நாய் என்று படகுக்காரர் நம்பினால் ஏற்றிக்கொள்வார். உதவிக்கு மாநில எண் 1070, மாவட்ட எண் 1077, சென்னை மாநகராட்சி 1913. கூப்பிடும்போது "ரெண்டு பெரியவங்க, ஒரு நாய்" என்று பிராணியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

படி 7: உள்ளேயே மாட்டிக்கொண்டால்

வரும் சாப்பாட்டுப் பொட்டலங்களில் சாம்பார் சாதமும் தக்காளி சாதமும்தான் அதிகம் இருக்கும், இரண்டிலும் வெங்காயம் உண்டு. வெங்காயமும் பூண்டும் நாய், பூனையின் இரத்த அணுக்களைச் சிதைக்கும். பூனைக்கு இன்னும் மோசம். வெறும் சாதமோ தயிர்சாதமோ கிடைத்தால் அதைப் பிராணிக்கு ஒதுக்குங்கள். பூனை இரண்டு நாளாக ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் கல்லீரல் பாதிக்கப்படலாம். அதைப் பயத்தில் இருக்கிறது என்று விட்டுவிடாமல் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். காய்ச்சல் மாதிரி தெரிந்தாலும் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். பூனைக்கு ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கும்.

மீன் தொட்டி இருந்தால் மின்சாரம் வரும்வரை தீனியை நிறுத்திவிடுங்கள். வளர்ந்த மீன்கள் சில நாள் பசி தாங்கும், மிஞ்சிய தீனி அழுகினால்தான் செத்துப்போகும். ஒரு குவளையால் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தால் கொஞ்சம் காற்று சேரும்.

படி 8: தண்ணீர் வடிந்த பிறகு

உடனே நாயை உள்ளே விடாதீர்கள். முதலில் நீங்கள் போய் வாஷிங் மெஷின் பின்னால், ஷூ அலமாரியில், கட்டிலடியில் கம்பால் தட்டிப் பாருங்கள். பாம்பு தென்பட்டால் விலகி வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். நாயைக் கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், அசையவிடாமல் தூக்கிக்கொண்டு விஷமுறிவு மருந்து இருக்கும் கால்நடை மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

அடுத்து, கழுவுவது. எல்லோரும் பினாயிலைக் கொட்டுவார்கள். பூனை இருக்கும் வீட்டில் வேண்டாம். அதில் நடந்து, பாதத்தை நக்கினால் பூனையின் உடம்பால் அந்த நஞ்சை எளிதில் வெளியேற்ற முடியாது. பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, நல்ல தண்ணீரில் மறுபடி அலசி, தரை நன்றாகக் காய்ந்த பிறகு உள்ளே விடுங்கள். அந்துருண்டையையும் எலி மருந்தையும் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

வெள்ளத் தண்ணீரில் நனைந்த பிராணியைக் குளிப்பாட்டி, விரல் இடுக்கு வரை துடையுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். காதுக்குள்ளும் மடிப்புகளிலும் உண்ணி இருக்கிறதா என்று தினமும் தடவிப் பாருங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி ஸ்ப்ரேயைப் பூனைக்கு அடிக்காதீர்கள், சிலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் பூனையைக் கொல்லும்.

அடுத்த இரண்டு வாரம் சாப்பாட்டையும் மூத்திரத்தையும் கவனியுங்கள். காய்ச்சல், வாந்தி, சோர்வு, கண் வெள்ளையில் மஞ்சள், மூத்திரம் திடீரெனக் கூடுவது அல்லது குறைவது, இதில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் போங்கள். நாய் வெள்ளத் தண்ணீரில் நடந்தது, அதைக் குடித்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், எலிக்காய்ச்சல் பரிசோதனையை உடனே செய்வார். அதுவரை அதன் மூத்திரத்தை வெறுங்கையால் துடைக்காமல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.