சம்மதம் கேட்கும் முன் சொல்ல வேண்டியவை: கிறிஸ்தவக் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

‘ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம்’ என்ற பழமொழியை விசுவாசிகளின் வீட்டிலும் சர்வசாதாரணமாகக் கேட்கலாம். பையனுக்கு இருக்கும் கடன், பெண் தினமும் சாப்பிடும் வலிப்பு மாத்திரை, முன்பு ஒருமுறை நின்றுபோன நிச்சயம். “இப்போ எதுக்கு, கல்யாணத்துக்கு அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்” என்று பெரியவர்கள் முடித்துவிடுவார்கள். இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. அந்த மாத்திரையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தெரியாத விஷயத்துக்கு யாராலும் சம்மதம் தர முடியாது. மறைக்கும்போது எதிரில் இருப்பவர் யோசித்து முடிவெடுக்கும் சுதந்திரத்தையே நாம் எடுத்துக்கொள்கிறோம்.

கத்தோலிக்கத் திருச்சபை இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1057-ஆம் பிரிவு, திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சம்மதமே என்கிறது. அவர்களுக்குப் பதிலாக அதை வேறு எந்த மனித அதிகாரமும் தர முடியாது. இல்லற வாழ்வைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு விஷயத்தில் ஏமாற்றிச் சம்மதம் வாங்கியிருந்தால் அந்தத் திருமணமே செல்லாது என்பது 1098-ஆம் பிரிவு.

நிலத்தை விற்று, விலையில் ஒரு பங்கை மறைத்த அனனியா, சப்பீராள் தம்பதியின் பைபிள் கதையை நாம் பெரும்பாலும் காணிக்கைப் பிரசங்கத்தில்தான் கேட்கிறோம். அப்போஸ்தலர் 5-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். நிலம் விற்குமுன் உன்னுடையதுதானே, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது என்று பேதுரு கேட்கிறார். முழுத் தொகையையும் கொடுத்தாக வேண்டும் என்று யாரும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு பங்கை வைத்துக்கொண்டு முழுவதையும் கொடுத்ததாகக் காட்டியதுதான் குற்றம். அதிலும் கணவனும் மனைவியும் கலந்து பேசியே அதைச் செய்தார்கள். குடும்பமாகச் சேர்ந்து மறைப்பது எவ்வளவு சுலபம் என்று அந்த அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் தோன்றும்.

அதற்காக எல்லாவற்றையும் எல்லோரிடமும் கொட்ட வேண்டியதில்லை. யாருடைய முடிவு அந்த உண்மையைச் சார்ந்திருக்கிறதோ அவருக்குச் சொன்னால் போதும். தரகருக்கோ சபையாருக்கோ தெரியத் தேவையில்லை. நம்பிச் சொன்ன ஒரு விஷயத்தை ஜெபக்குறிப்பு என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுவில் போடுவது புறங்கூறுதல்தான். ஜெபம் என்று பெயர் வைத்தாலும் அது மாறிவிடாது. குற்றம் செய்தவனிடம்கூட “நீயும் அவனும் தனித்திருக்கையில்” பேசு என்பதே மத்தேயு 18:15.

அடுத்தது, “கர்த்தர் எனக்கு உணர்த்தினார், இந்த வரன்தான்” என்று பிள்ளையை நெருக்குவது. இதைக் கேட்டு மறுத்தால் ஆண்டவரையே மறுத்ததாகிவிடுமோ என்று பிள்ளை பயப்படும். ஒநேசிமு என்ற அடிமையைத் தன்னுடன் வைத்துக்கொள்ள விரும்பிய பவுல், அவனுடைய எஜமான் பிலேமோனுக்கு எழுதியதைப் பாருங்கள். கட்டளையிட அவருக்குத் துணிவு இருந்தது; ஆனாலும் அந்த நன்மை கட்டாயத்தினால் அல்லாமல் மனப்பூர்வமாக வர வேண்டும் என்று, பிலேமோனின் சம்மதமில்லாமல் எதையும் செய்ய மறுத்தார். அப்போஸ்தலனே காத்திருந்தார் என்றால் அப்பா அம்மாவும் காத்திருக்கலாம். வற்புறுத்தலாலோ கடுமையான அச்சத்தாலோ நடந்த திருமணமும் செல்லாது என்கிறது மேற்சொன்ன தொகுப்பின் 1103-ஆம் பிரிவு.

பிள்ளைகள் பக்கமும் ஒன்று உண்டு. பிடிக்கவில்லை என்று சொல்லத் தயங்கி, “மனசுல சமாதானம் இல்ல” என்று முடித்துக்கொள்வது. சில நேரம் அது உண்மையாக இருக்கும். காரணம் தெரிந்தே அதைச் சொன்னால், மனச்சாட்சியை ஒளியும் இடமாக ஆக்குகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? நிச்சயத்துக்கு முன்பே இருவரும் பெரியவர்கள் பக்கத்தில் இல்லாமல் பேச ஏற்பாடு செய்யுங்கள். கடன், உடல்நலம், வேலை, முந்தைய உறவு, யார் யாருடன் குடியிருப்பது என்று பெயர் சொல்லியே கேட்கட்டும். சபையில் ஓலை (திருமண அறிவிப்பு) வாசிக்கக் கொடுக்கும் முன், ஒவ்வொருவரையும் தனியே அழைத்துச் சம்மதம் கேட்கும்படி ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ சொல்லுங்கள். அங்கே ‘இல்லை’ என்ற பதில் வந்தால், மண்டபத்துக்குக் கொடுத்த அட்வான்ஸைப் பற்றி அன்று யாரும் பேசாதிருங்கள்.