கைத்துப்பாக்கிக்குத் தற்காப்புத் தோட்டா: வாங்கி, சுட்டு, அளந்து பார்த்த கதை

டல்லாஸ் பக்கம் வந்து பதினோரு வருடம். கைத்துப்பாக்கி வாங்கி மூன்று வருடம். எந்தத் துப்பாக்கி என்று ஆறு மாதம் மண்டையைக் குடைந்துகொண்ட நான், அதற்குள் போடும் தோட்டாவைப் பற்றி ஆறு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கடையில் எடுத்துக் கொடுத்ததை வாங்கி, மேகசினில் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கிக்குள் செருகும் பெட்டி) நிரப்பி, இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டேன். அது எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று ஒரு குட்டைத் தோட்டாதான் எனக்குப் புரியவைத்தது. அந்தக் கதை ஐந்தாவது படியில் வருகிறது. அவசரமாக இருப்பவர்கள் நேராக அங்கே போங்கள்.

துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது, எப்படிக் கழற்றிச் சுத்தம் செய்வது என்பதெல்லாம் இங்கே இல்லை. அது தெரியாமல் தோட்டா தேர்ந்தெடுக்க வந்திருந்தால் முதலில் ஒரு நேரடி வகுப்பில் சேருங்கள். நான் சொல்வதெல்லாம் 9 மி.மீ. சின்னத் துப்பாக்கிகளுக்கு, என்னுடையதற்குக் குழல் மூன்று அங்குலம்தான்.

தொடங்கும் முன்: விசா

நம்மவர்கள் நிறைய பேர் படிப்பதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எச்-1பி (வேலை), எஃப்-1 (படிப்பு) மாதிரியான விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, ஒரு தோட்டாவை வைத்திருப்பதுகூட அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு; அவற்றை வக்கீலிடம் கேளுங்கள், வாட்ஸாப்பில் கேட்காதீர்கள். கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், 21 வயது நிறைந்து சட்டத் தடை எதுவும் இல்லாதவர்கள் பர்மிட் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். ஆனாலும் நான் பர்மிட் எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்து மாநிலத்துக்குக் கார் ஓட்டிப் போகும்போது அதன் அருமை தெரியும்.

படி 1: பெட்டியில் எழுதியிருப்பதைப் படியுங்கள்

ரேஞ்சில் பயிற்சிக்குச் சுடுவது எஃப்.எம்.ஜே. ஈயக் குண்டைச் செம்பு உறை முழுக்க மூடியிருக்கும், மூக்கு உருண்டையாக இருக்கும். நேராகத் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கும், ஆளைத் தாண்டியும் போகும். தற்காப்புக்கு அது வேண்டாம். தற்காப்புத் தோட்டாவின் மூக்கில் ஒரு குழி இருக்கும். அதைத்தான் ஹாலோ பாயின்ட் என்கிறார்கள். உடம்பின் ஈரம் அந்தக் குழிக்குள் அழுந்தி, குண்டு பூ மாதிரி விரிந்து, வேகம் குறைந்து, உள்ளேயே நின்றுவிட வேண்டும் என்பது கணக்கு. அதற்காக வீட்டுச் சுவரில் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். இங்குள்ள ஜிப்சம் பலகைச் சுவர் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டையும் நிறுத்தாது. பிள்ளைகள் தூங்கும் அறை எந்தப் பக்கம் என்று யோசித்து வைத்துக்கொள்வது உங்கள் வேலை.

அடுத்து எடை. 115, 124, 147 என்று கிரெயின் கணக்கில் போட்டிருப்பார்கள். ஒரு கிரெயின் என்பது குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி. 124 கிரெயின் என்றால் எட்டு கிராம், அதாவது சரியாக ஒரு பவுன். இதைக் கேட்ட பிறகு என் மனைவிக்கு இந்தக் கணக்கு மறக்கவே இல்லை.

‘பிளஸ் பி’ என்று போட்டிருந்தால் கூடுதல் அழுத்தம் என்று பொருள். 9 மி.மீ.க்கு வழக்கமான உச்ச அழுத்தம் 35,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு); பிளஸ் பி வகைக்கு 38,500. உங்கள் துப்பாக்கியின் கையேடு அனுமதித்தால் மட்டும் போடுங்கள். அனுமதித்தாலும் சின்னத் துப்பாக்கியில் அது கையை உதறும், இரண்டாவது குண்டு தாமதமாகும். எனக்கு வேண்டாம்.

படி 2: இரண்டே இரண்டு வகை

சந்தையில் நூறு வகை இருக்கிறது. மண்டை ஓடு படம் போட்டது, திருகாணி மாதிரிச் செதுக்கியது, ‘காவல்துறைக்கே பயம்’ பாணியில் பெயர் வைத்தது எல்லாவற்றையும் ஒதுக்குங்கள். ஃபெடரல் எச்.எஸ்.டி., ஸ்பியர் கோல்ட் டாட் இரண்டையும் அமெரிக்கப் போலீஸ் துறைகள் பல வருடமாகப் பயன்படுத்துகின்றன. நான் இரண்டிலும் 124 கிரெயின், சாதாரண அழுத்தம் உள்ளதை எடுத்துச் சோதித்தேன். ஹார்னடி கிரிட்டிகல் டிஃபென்ஸும் நல்லதுதான். குழியில் சிவப்பு ரப்பர் மாதிரி ஒன்றை அடைத்திருப்பார்கள், துணி போய் அடைக்காமலிருக்க.

வாங்கும்போது ஒரு தந்திரம்: கடை முகப்பில் இருக்கும் 20 தோட்டாப் பெட்டியை விட்டுவிட்டு, போலீஸ் துறைகளுக்கென வரும் 50 தோட்டாப் பெட்டியைத் தேடுங்கள். எச்.எஸ்.டி.யும் கோல்ட் டாட்டும் அப்படிக் கிடைக்கும். ஒரு தோட்டாவுக்கு விலை கணிசமாகக் குறையும். பெட்டி அழுமூஞ்சியாக இருக்கும், அவ்வளவுதான்.

படி 3: ஓடுகிறதா?

முதலில் புதுத் துப்பாக்கியில் பயிற்சித் தோட்டா இருநூறு, முந்நூறு சுட்டுவிடுங்கள். அதிலேயே சிக்கினால் தோட்டாவைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம் மேகசின்களுக்கு நம்பர் போடுங்கள். நான் வீட்டிலிருந்த நெயில் பாலிஷால் அடியில் 1, 2, 3 என்று எழுதினேன். இது விளையாட்டு இல்லை. நான் முதலில் வாங்கிய தோட்டா (பெயர் வேண்டாம், வாய் அகலமான ரகம்) 3-ஆம் நம்பர் மேகசினில், அதுவும் முழுக்க நிரப்பிய பிறகு வரும் முதல் தோட்டாவில் மட்டும், குழலுக்குள் ஏறும் சரிவில் (ஏறுபாதை) மூக்கை இடித்துக்கொண்டு நின்றது. துப்பாக்கியின் முன்பின் நகரும் மேல்பகுதியான ஸ்லைடு பாதியில் நிற்கிறது, பித்தளைத் தோட்டா சாய்ந்தபடி பல்லைக் காட்டுகிறது. நம்பர் போடாமல் இருந்திருந்தால் ‘எப்போதாவது சிக்குது’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன்.

காரணத்தைப் பிரித்துப் பார்க்க மூன்று மாற்றங்கள், ஒரு நேரத்தில் ஒன்று. அதே மேகசினில் வேறு தோட்டா: ஓடியது. அதே தோட்டா வேறு மேகசினில்: ஓடியது, ஆனால் ஒரு முறை சிக்கியது. பிடி தளர்ந்தாலும் சிக்கும் என்பதால் நண்பரைச் சுடச் சொன்னேன்: அவருக்கும் சிக்கியது. ஆக மேகசின் கொஞ்சம், தோட்டா கொஞ்சம். மேகசினைப் பயிற்சிக்கு ஒதுக்கினேன். மீதித் தோட்டாவை ரேஞ்சிலேயே சுட்டுத் தீர்த்தேன்.

எத்தனை சுட வேண்டும்? இருநூறு என்று சொல்பவர்கள் உண்டு. தோட்டா ஒன்று ஒரு டாலருக்கு மேல் போகும்போது அது எல்லோருக்கும் கட்டாது. என் கணக்கு: எடுத்துச் செல்லப்போகும் எல்லா மேகசின்களிலும் பங்கிட்டு நூறு, ஒன்றுகூடச் சிக்காமல். அதில் பத்து வலது கையில் மட்டும், பத்து இடது கையில் மட்டும். கடைசி முப்பதைத் துப்பாக்கி அழுக்காக இருக்கும்போது, நூறு பயிற்சித் தோட்டா சுட்ட கையோடு சுடுங்கள். ஒன்று சிக்கினால் காரணம் கண்டுபிடித்து, மறுபடி முதலிலிருந்து எண்ணுங்கள். அடம்பிடித்து அதே தோட்டாவைக் காதலிக்க வேண்டாம். ஒரு சின்ன நோட்டில் தேதி, மேகசின் நம்பர், பெட்டியின் லாட் நம்பர் (தயாரிப்புத் தொகுதி எண்), என்ன ஆனது என்று எழுதுங்கள். போனில் எழுதாதீர்கள், கை முழுக்க ஈயக் கரி. கையைக் கழுவிவிட்டுத்தான் காபியே.

படி 4: எங்கே படுகிறது?

இதைச் சீக்கிரம் முடிக்கலாம். 7 கஜத்தில் ஐந்து, 15 கஜத்தில் ஐந்து, நிதானமாக. பக்கத்துத் தாளில் பயிற்சித் தோட்டாவால் அதேபோல். இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் விழுந்தால் சரி. எடை மாறினால் படும் இடமும் கொஞ்சம் மேலே கீழே நகரும். 124 தற்காப்புத் தோட்டா எடுத்தால் பயிற்சிக்கும் 124 வாங்குங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

ஜெல், தண்ணீர்க் கேன் எல்லாம்?

வேண்டாம். நான் செய்தேன், ஒரு சனிக்கிழமை வீணாகப் போனது. தண்ணீர்க் கேனில் எந்த ஹாலோ பாயின்ட்டும் அழகாக விரியும். பார்க்க ஜோராக இருக்கும், தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. முறையான சோதனைக்கு உடம்புத் தசைக்குப் பதிலாக 10 சதவீத ஜெலட்டின் கட்டி வேண்டும், 4 டிகிரி செல்சியஸில் குளிர வைக்க வேண்டும், வினாடிக்கு 590 அடி வேகத்தில் ஒரு இரும்புக் குருணையைச் சுட்டு அது எட்டரை சென்டிமீட்டர் அளவில் நிற்கிறதா என்று ஒவ்வொரு கட்டியையும் சரிபார்க்க வேண்டும். கடையில் விற்கும் கண்ணாடி மாதிரியான செயற்கை ஜெல் அதற்கு ஈடு இல்லை.

அந்தச் சோதனையில் 12 முதல் 18 அங்குலம் ஆழம் போக வேண்டும் என்பது எஃப்.பி.ஐ. அளவு. மனிதன் அவ்வளவு தடிமனா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையைப் படித்தால் விடை கிடைக்கும். கொள்ளைக்காரன் ஒருவன் மேல் பட்ட 9 மி.மீ. குண்டு, முதலில் அவன் கையைத் துளைத்து, பிறகு மார்புக்குள் போய், இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இறந்தார்கள். நீட்டிய கை குறுக்கே வரும், ஆள் பக்கவாட்டில் நிற்பான். அதற்குத்தான் அந்தக் கூடுதல் ஆழம். துணி அடுக்குகளும் முக்கியம்: குழியில் துணி அடைத்துக்கொண்டால் குண்டு விரியாமல் எஃப்.எம்.ஜே. மாதிரியே போய்விடும். அதனால் இணையத்தில் முடிவுகளைப் பார்க்கும்போது, துணி போர்த்திச் சுட்டதா, உங்கள் குழல் நீளத்துக்குப் பக்கத்தில் உள்ள துப்பாக்கியால் சுட்டதா என்று பாருங்கள். நான்கு அங்குலக் குழலில் எடுத்த வேகம் மூன்று அங்குலத்தில் வராது.

படி 5: குட்டைத் தோட்டா

வீட்டில் சின்னப் பிள்ளை. அதனால் தினமும் மாலை வந்ததும் துப்பாக்கியின் அறையில் (சேம்பர், சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் இடம்) இருக்கும் தோட்டாவை வெளியே எடுப்பேன், காலையில் மறுபடி ஏற்றுவேன். எடுத்த தோட்டாவை மேகசினின் தலையில் வைப்பேன். அதாவது மாதக்கணக்கில் தினமும் ஏறி இறங்கியது ஒரே தோட்டா.

ஒரு நாள் சுத்தம் செய்ய எல்லாவற்றையும் சமையல் மேடையில் வரிசையாக நிறுத்தினேன். பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி நின்றன. ஒன்று மட்டும் குட்டை. வெர்னியர் (நுண்ணிய நீளம் அளக்கும் கருவி) எடுத்து அளந்தால், மற்றவற்றைவிட முக்கால் மில்லிமீட்டர் குறைவு. ஒவ்வொரு முறை ஸ்லைடு பாயும்போதும் மூக்கு ஏறுபாதையில் மோதி, முனையிலுள்ள குண்டு பித்தளை உறைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கியிருக்கிறது. உள்ளே வெடிமருந்துக்கு இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் எகிறும். துப்பாக்கி உடையவும் கையில் காயமாகவும் வாய்ப்பு உண்டு. நான் நம்பி இடுப்பில் வைத்திருந்தது அதைத்தான்.

இப்போது செய்வது இது. புதுப் பெட்டியில் ஐந்தைப் பொறுக்கி நீளம் அளந்து நோட்டில் எழுதுகிறேன். ரேஞ்சில் (வீட்டில் இல்லை, மண்மேட்டைப் பார்த்துத்தான்) ஒரே தோட்டாவை மேகசினிலிருந்து மூன்று நான்கு முறை ஏற்றி இறக்கி, ஒவ்வொரு முறையும் அளக்கிறேன். சில ரகம் அசையவே இல்லை. ஒரு ரகம் இரண்டாவது தடவையே பின்வாங்கியது; அதை விட்டுவிட்டேன். ஒரு முறை ஏறிய தோட்டாவின் அடியில் மார்க்கரால் ஒரு கோடு. இரண்டு கோடு ஆனால் அது பயிற்சிக் குவியலுக்கு. அளவில் 0.2 மி.மீ. குறைந்தால் அதைச் சுடுவதும் இல்லை, ரேஞ்ச் அதிகாரியிடம் கொடுத்துவிடுவேன், அவர்களிடம் கழிவுத் தோட்டாப் பெட்டி இருக்கும்.

வெர்னியர் டிஜிட்டலாக இருந்தால் போதும், இருபது முப்பது டாலர். வேக அளவிக் கருவிக்குச் செலவழிக்கும் முன் இதை வாங்குங்கள்.

இன்னும் முக்கியமாக, இப்போது தினமும் இறக்குவதில்லை. துப்பாக்கியை இடுப்பு உறையோடு அப்படியே கழற்றி, விரலால் அழுத்தும் நம்பர் பூட்டுள்ள சின்னப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுகிறேன்.

பிறகு சேர்த்தவை

ஒருவர் கேட்டார்: மேகசின் வேண்டாம், தோட்டாவைக் கையாலேயே அறைக்குள் போட்டு ஸ்லைடை விட்டால் பின்வாங்காதே? பின்வாங்காது. ஆனால் பல துப்பாக்கிகளில் எக்ஸ்ட்ராக்டரின் (உறையை அறையிலிருந்து இழுக்கும் பாகம்) கொக்கி தோட்டாவின் விளிம்பின் மேல் தாவ வேண்டியிருக்கும், நாளடைவில் உடையும். செய்யாதீர்கள்.

நியூ ஜெர்சியிலிருந்து இரண்டு பேர் கேட்டார்கள். அங்கே ஹாலோ பாயின்ட்டுக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. நான் டெக்சாஸ்காரன்; நியூ ஜெர்சி எடிசனில் இருப்பவர்கள் இந்தப் பதிவை நம்பி எதையும் இடுப்பில் செருகாமல், அங்குள்ள இன்றைய சட்டத்தைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்காதீர்கள் என்று ஒருவர் நினைவூட்டினார், நன்றி. ஓரத்துத் தையலுக்குள் ஒரு தோட்டா ஒளிந்திருந்தால் சென்னை விமான நிலைய எக்ஸ்ரேயில் அது பளிச்சென்று தெரியும். ஆயுதச் சட்டத்தில் வழக்கு, விடுமுறை முழுக்கக் கோர்ட் படி. நான் பையே தனியாக வைத்திருக்கிறேன், ஆரஞ்சு நிறத்தில்.

எடை குறைந்த .38 ரிவால்வர் வைத்திருக்கும் ஒரு அக்கா, தனக்கு இந்தப் பின்வாங்கல் தொல்லை இல்லையே என்று எழுதியிருந்தார். உங்களுக்குத் தலைகீழ் தொல்லை, அக்கா. உதையில் மற்ற தோட்டாக்களின் குண்டு முன்னால் நகரும். ரொம்ப நகர்ந்தால் சிலிண்டர் சுற்றாமல் இறுகிவிடும். ஐந்தாவது தோட்டாவை அளந்து வைத்துக்கொண்டு, நான்கைச் சுட்டுவிட்டு, ஐந்தாவதை வெளியே எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். அளவு மாறியிருந்தால் வேறு தோட்டா.